அடியும் பிணியும்

சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதிய சகோதரி பெயரிடவில்லை. அவர் வாழும் நகரை நாமும் குறிக்கப் போவதில்லை. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். விருப்பமில்லாத இரவுகளிலும் மறுக்க வழியில்லை. அண்மையில் அவர் உடல் மெலிந்து வருகிறது. எச்.ஐ.வி. சோதனைக்குச் சென்றால் செய்தி கணவர் காதுக்கு எட்டிவிடுமோ என்று அச்சகோதரி அஞ்சுகிறார்.

இது வெறும் குடும்பச் சண்டையன்று. 2005-06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான 28,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிக் கிடைத்த விவரங்களை அறிஞர் சிலர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். கணவனின் அடியோடு பாலியல் வன்முறைக்கும் ஆளான பெண்களிடையே இக்கிருமி, வன்முறை அறியாத பெண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாய்க் காணப்பட்டது. காரணம் எளிதில் விளங்கும். அடிக்கு அஞ்சுபவள் ஆணுறை அணியச் சொல்ல இயலாது. வலுவந்தத்தால் நேரும் காயம் கிருமிக்கு வாயிலாகிறது. சோதனைக்கும் மருந்துக்கும் செல்லவொட்டாமல் அச்சம் காலைக் கட்டுகிறது.

அச்சகோதரிக்கு நாம் கூறுவது இது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, தங்கள் இசைவின்றிச் சோதனை செய்தல் ஆகாது. முடிவை வெளியிடுவதும் ஆகாது. துணைவருக்கு அறிவித்தால் பெண்ணுக்கு வன்முறை நேரும் என்று அஞ்ச இடமிருப்பின், மருத்துவர் அறிவிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனைச் சோதனை மையத்து ஆலோசகரிடம், வீட்டிலுள்ள அச்சத்தையே முதலில் கூறுங்கள். வலுவந்தம் நேர்ந்து 72 மணி நேரம் கடவாதிருப்பின், 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து உண்டு; விரைந்தால் மிக நன்று. கிருமி இருப்பதாகவே தெரியினும் கலங்கற்க. 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதனைத் தவறாது உண்டு வருவோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர்.

வீடு கணவர் பெயரில் இருப்பினும், அங்கு வாழும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு அளிக்கிறது. பெண்கள் உதவிக்கு 181, எச்.ஐ.வி. பற்றி அறிய 1097 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன.

இனி நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஊரைவிட்டு வந்த பெண்ணுக்குத் தாய்வீடு இரண்டு நாள் இரயில் பயணத் தொலைவில் உள்ளது. அடுத்த வீடோ ஒரு சுவருக்கு அப்பால். அச்சுவர் வழியே அழுகுரல் கேட்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வது நமக்கு அழகன்று. இவ்வூர் மொழி அறியாத சகோதரிக்கு மருத்துவமனை வரை துணை செல்வோம். அங்கே கேட்டது எதுவாயினும் அதனைச் சங்கத்துத் திண்ணைக்குக் கொண்டுவராதிருப்போம். துணைக்குச் செல்வது பாதி உதவி, வாயடக்கம் மறுபாதி.