அரை மணியின் கணக்கு

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் கணக்கு வாத்தியார் முதலில் மண்டையில் ஏற்றியது 'ரேகிள் த துருவா'. பத்து மாம்பழத்துக்கு ஒரு விலையென்றால் ஐந்து பழத்துக்குப் பாதி விலை. குமாஸ்தா உத்தியோகத்தை அந்த ஒரு விதியை வைத்தே ஓட்டிவிட்டேன்.

சென்ற மாதம் சென்னைக்குப் பேருந்தில் போனேன். திண்டிவனம் தாண்டியதும் ஒரு லாரி சாலையின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் நின்றோம். பக்கத்து இருக்கை அம்மாள் பேரனுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்; கைபேசியில் கெஞ்சிக்கொண்டே இருந்தார். நான் செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.

மணிக்கு 1,000 வண்டிகள் வருகின்றன, தடை நீங்கினால் மணிக்கு 2,000 போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அடைத்தால் 1,000 வண்டிகள் சேரும். பின்னால் வருவதும் நிற்காதே! வரிசை கரைய இன்னொரு மணி. ஆக 2,000 வண்டிகள், சராசரி அரை மணி வீதம், 1,000 மணி நேரம் வீண்.

அதே லாரியை அரை மணியில் அகற்றியிருந்தால்? வீணாவது 500 அல்ல, 250 மணிதான். மாட்டுகிற வண்டிகளும் பாதி, ஒவ்வொன்றும் நிற்கும் நேரமும் பாதி. வாத்தியாரின் விதி இங்கே செல்லாது.

சும்மா நிற்கும் கிரேனுக்கும் ரோந்து வண்டிக்கும் எதற்குச் செலவு என்று தணிக்கையில் கேட்பார்கள். இந்த 750 மணிதான் பதில். வரிசையின் வாலில் வேகமாக வந்து மோதும் வண்டியும், நடுவில் சிக்கிய ஆம்புலன்சும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அடிபட்டவருக்கு முதல் ஒரு மணியே 'பொன்னான நேரம்' என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108 இருக்கின்றன. நான் கேட்பது ஒரு பதிவேடு. அழைப்பு வந்த நேரம், உதவி சேர்ந்த நேரம், சாலை திறந்த நேரம், காயம்பட்டவர் ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம் என நான்கே கலம். மாதாமாதம் சுங்கச்சாவடியில் ஒட்டிவைக்கட்டும். கட்டணம் கட்டுகிற நமக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு.

அந்த அம்மாளுக்கு டாக்டர் கிளம்பிவிட்டாராம். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. 250க்கும் 1,000க்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தப் பிள்ளையும் அடக்கம்.