ஆச்சிக்கு எதற்கு இரவல் பெயர்?

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை. முந்திய இரவு சென்னையில் ஆச்சி மனோரமா காலமான செய்தி எங்கள் பங்சார் வீட்டு வானொலியில் வந்தது.

“பொம்பள சிவாஜி போயிட்டாங்க” என்றார் தாத்தா.

பாட்டி விடவில்லை. “சிவாஜிய ஆம்பள மனோரமான்னு ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?”

அன்று சிரித்தோம். ஆனால், நியாயம் பாட்டியின் பக்கமே என்பேன். பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடையேறி, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் திரைக்கு வந்து, ஆயிரம் படங்களைத் தாண்டியவர். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தவர். அவரைப் புகழவும் ஓர் ஆணின் பெயரையா இரவல் வாங்குவது? (பின்னாளில் வந்த ‘லேடி சூப்பர் ஸ்டார்’ பட்டமும் இதே பழக்கந்தான்.)

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாதசுரத்தோடு சிவாஜி, சலங்கையோடு பத்மினி. அவர்களுக்கிடையில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வெள்ளந்திப் பேச்சோடு நுழைகிறார் ஆச்சி. மேடையில் வாழ்ந்தவருக்கு அந்த வேடம் யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. சிவாஜியே எதிரில் இருந்தும் நம் கண் ரமாமணியை விட்டு அகல்வதில்லை.

இன்றும் தொலைக்காட்சியில் அப்படம் ஓடினால் பாட்டி சமையலறையில்தான் இருப்பார். ரமாமணியின் குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.