மறுபடியும் முதலாம் வகுப்பு

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரிடம் காலப்போக்கில் ஒரு குறை வந்து சேர்ந்துவிடுகின்றது. தாமும் ஒரு காலத்தில் ஒன்றுமறியாது விழித்தவர்களே என்பதை அவர்கள் மெல்ல மெல்ல மறந்துவிடுகின்றனர். இருபது வருடமாக அதே பாடத்தை நடத்திவரும் நாம், ஒரு மாணவனுக்கு அது விளங்காதபோது, 'இதுவும் விளங்காமற் போகுமோ?' என வியக்கின்றோம். சில வேளைகளிற் சினக்கவுஞ் செய்கின்றோம். இக்குறையைச் சென்ற மாதம் எமக்கு எடுத்துக் காட்டியவர் கல்லூரி அதிபருமல்லர், கல்வி அதிகாரியுமல்லர். பதினேழு வயதுடைய எமது மருமகனே அதனைச் செய்தான்.

ஒரு நாள் மாலை எமது தங்கை வந்து, "அண்ணா, இவன் இரவிரவாய் உந்தக் கொம்பியூட்டர் விளையாட்டிலைதான் கிடக்கிறான். அடுத்த வருஷம் சோதினை. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள். பையனை அழைத்தோம். காலத்தின் அருமை பற்றியும் கல்வியின் பெருமை பற்றியும் கால் மணி நேரம் எடுத்துரைத்தோம். அவன் பணிவுடன் கேட்டிருந்துவிட்டு, "மாமா, நீங்கள் ஒரு நாளெண்டாலும் அதை விளையாடிப் பாத்தனீங்களோ?" என்று வினவினான். இல்லை என்றோம். "படியாத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்றான்.

இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. முடிவில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். இரண்டு கிழமைக்கு இரவில் ஒரு மணி நேரம் நாம் விளையாடுவது. அதன்பின் நாம் கூறும் தீர்ப்பு எதுவாயினும் அவன் ஏற்பது. தங்கைக்கு இவ்வேற்பாடு பிடிக்கவில்லை. திருத்த வந்தவரும் கெட்டுப்போகப் போகின்றார் என அவள் அஞ்சினாள் போலும். அவ்வச்சம் முற்றிலும் வீணன்று என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

அவ்விளையாட்டின் பெயர் பிளனெற்சைட் 2. அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலிருந்த சொனி ஒன்லைன் என்ரர்ரெயின்மென்ற் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி அதனை வெளியிட்டது. அதன் முன்னோடி 2003இல் வந்தது. ஓறக்சிஸ் என்பது ஒரு கற்பனைக் கிரகம். அதனைக் கைப்பற்ற மூன்று அணிகள் முயல்கின்றன. ஒழுங்கே பெரிதென்போர் சிவப்பு அணியினர். தன்னுரிமையே பெரிதென்போர் நீல அணியினர். வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற விஞ்ஞானத்தைப் போற்றுவோர் ஊதா அணியினர். பாலை, பனி, மலை, சதுப்பு எனக் கண்டங்கள் பல. துப்பாக்கி ஏந்திய காலாட்கள், யுத்த தாங்கிகள், விமானங்கள் யாவும் ஒரே களத்திற் பொருதுகின்றன. கிரிக்கெற் ஆட்டத்திற் பக்கத்துக்குப் பதினொருவரே உளர். இங்கோ நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே இணையவழி வந்து கூடுகின்றனர். 2015 ஜனவரி 24ஆந் திகதி ஒரே சமரில் 1,158 பேர் கலந்துகொண்டமை கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. பெரியதொரு கல்லூரியின் மாணவர் அனைவரையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டாற் போன்றது அது.

முதல் இரவு மருமகன் எமக்கு ஊதா நிறத்தைத் தெரிந்து தந்துவிட்டு, பக்கத்திற் கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தான். படைத்தளமொன்றின் அறையிலே தோன்றினோம். அந்த அறைக்குள் எதிரி நுழைய முடியாது. வாயில் திறந்திருந்தது, வெளியே ஓடினோம், இறந்தோம். மீண்டும் அறையிலே தோன்றினோம், ஓடினோம், இறந்தோம். ஒவ்வொரு முறையும் எம்மைக் கொன்றவர் பெயரையும் அவரது ஆயுதத்தின் பெயரையும் திரை அறிவித்தது. அதனால் எமக்கு விளைந்த பயன் யாதுமில்லை. எங்கிருந்து சுட்டார், நாம் என்ன பிழை செய்தோம் என்பது தெரியவில்லையே! ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு முறை இறந்தோம். நாம் வீழ்த்தியவர் ஒருவரே. அவரும் எமது அணியைச் சேர்ந்தவர்.

இவ்விளையாட்டில் தன் பக்கத்தவரையுஞ் சுடலாம். அடிக்கடி சுட்டால் துப்பாக்கி சிறிது நேரம் பூட்டப்பட்டுவிடும். நாம் பதற்றத்தில் எதிரே வந்த உருவத்தைச் சுட்டோம். அது ஊதா நிறம் என்பதைச் சுட்ட பின்னரே கண்டோம். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

மறுநாள் வேறொரு புதுமை. சுவருக்குப் பின்னே பாதுகாப்பாக ஒளிந்துகொண்டோம். ஒளிந்த பின்னர் இறந்தோம். இஃது அநீதி என்று முறையிட்டோம். காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. நாம் சேர்ந்திருந்த களத்தை நடத்தும் கணினி ஐரோப்பாவில் உள்ளது. கண்ணாடி நாரிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் செல்லும். கடலடி வடத்தின் நீளத்தை 10,000 கிலோமீற்றர் எனக் கொண்டாலும், செய்தி போய்வரச் செக்கனிற் பத்திலொரு பங்கு வேண்டும். ஆகவே எமது திரையில் நாம் சுவரை அடைந்துவிட்ட போதும், எதிரியின் திரையில் இன்னும் வெளியிலேயே நிற்கின்றோம். சுட்டவரது கணினி கண்டதே செல்லும் என்பது இவ்விளையாட்டின் ஏற்பாடு. காரணம் விளங்கியதும் கோபம் தணிந்தது. அன்றிலிருந்து ஒளிவதானாற் சற்று முன்னதாகவே ஒளியப் பழகினோம்.

மூன்றாம் இரவு மறுபடியும் எம்மவர் ஒருவரைச் சுட்டுவிட்டோம். திரையின் மூலையில் எழுத்துத் தோன்றிற்று. வசையே வரும் என எதிர்பார்த்தோம். "புதியவரோ?" என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி மாத்திரம் வந்தது. ஆம் என்றோம். எந்த நாட்டவரோ, எந்த வயதினரோ அறியோம். அவர் மூன்று வாக்கியம் எழுதினார். வாயிலால் வெளியேறுமுன் வரைபடத்தைப் பாரும். தனியே ஓடாது எனக்குப் பின்னால் வாரும். சுட வராவிடின் வைத்தியராக இரும்.

இவை மூன்றும் அக்கணமே செய்யக்கூடிய காரியங்கள் என்பதை நோக்குங்கள். நாம் மருமகனுக்குக் கால் மணி நேரம் கூறிய புத்திமதியில், அவன் எழுந்து சென்று உடனே செய்யக்கூடியது ஒன்றாயினும் இருந்ததோ என எண்ணிப் பார்த்தோம். இருக்கவில்லை.

வைத்தியரானோம். இவ்விளையாட்டிலே சுடுவோர் மட்டுமன்றி, வாகனம் பழுதுபார்த்துத் தோட்டா வழங்கும் பொறியியலாளரும், காயமாற்றி வீழ்ந்தோரை எழுப்பும் வைத்தியரும் உளர். எழுப்பினாற் புள்ளியும் உண்டு. வீழ்ந்தவரருகே சென்று கையிலுள்ள கருவியை அவர்மேற் பிடித்தால், சில செக்கனில் அவர் எழுந்து ஓடுகின்றார். முதன்முதலாக எம்மால் எழுந்தவர் 'நன்றி' என்பதன் ஆங்கிலத்தை இரண்டெழுத்தாகச் சுருக்கி எழுதிவிட்டுப் போனார். அற்பமான விடயந்தான். ஆயினும் முப்பது பேருள்ள வகுப்பில் முதன்முறையாகச் சரியான விடை சொன்ன பையனின் மகிழ்ச்சி எமக்கு உண்டாயிற்று. அன்றும் பதினான்கு முறை இறந்தோம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏன் இறந்தோம் என்பது தெரிந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூறவேண்டும். ஐந்தாம் இரவு ஒலிபெருக்கியைச் சற்று உரக்க வைத்திருந்தோம். எமது தாயார் அறை வாயிலில் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து யன்னலைச் சாத்தினார். "சத்தத்தைக் குறை, தம்பி" என்று மட்டுஞ் சொல்லிவிட்டுச் சென்றார். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது; எனினும் அவரது கைகளுக்கு யன்னல் சாத்தும் பழக்கம் இன்னும் இருக்கின்றது. அன்றிலிருந்து காதிற் பொருத்துங் கருவியையே பாவித்தோம். விளையாட்டில் வீழ்ந்தவர் பத்துச் செக்கனில் எழுவர். அதனாலன்றோ அது விளையாட்டு. இவ்வேறுபாட்டை எமது தலைமுறைக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறைக்கு நாம் எடுத்துரைத்தோமோ? மறுநாள் மாலை மருமகனைத் தாயாரருகே இருத்தி, பதுங்குகுழிக் காலத்துக் கதைகளைக் கேட்கச் செய்தோம். அன்று அவனாகவே விளையாடச் செல்லவில்லை.

இனி, தங்கையின் அச்சம் பற்றி. ஒன்பதாம் இரவு ஒரு மணி நேரத்துக்கென அமர்ந்த நாம் எழுந்தபோது நடுநிசி கழிந்து அரை மணியாகியிருந்தது. காரணம் இதுவே. கிரிக்கெற்றுக்கு முடிவுண்டு, உதைபந்தாட்டத்துக்கு ஊதுகுழல் உண்டு. இக்களத்துக்கோ அத்தகைய முடிவு இல்லை. ஒரு தளத்தைப் பிடித்தால் அதனோடு இணைந்த அடுத்த தளம் காத்திருக்கும். நாம் நித்திரைக்குப் போனாலும் வேறு நாட்டவர் சமரைத் தொடர்வர். 'இன்னும் ஒரு தளம்' என்னும் ஆசைக்கு நாற்பத்தைந்து வயதுக்காரரே தோற்பாராயின், பதினேழு வயதுப் பையனை எவ்வாறு நோவது? மறுநாட் காலை முதற் பாடவேளையில் நாம் கொட்டாவி விட்டதை மாணவர் கண்டனர்.

இரண்டு கிழமை முடிந்ததும் தீர்ப்புக் கூறினோம். விளையாட்டை முற்றாகத் தடுப்பதில்லை. பாடங்கள் முடிந்த பின் ஒரு மணி நேரம். மணிக்கூட்டில் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் விளையாட்டு தானாக நிற்காது. இரவு பத்து மணிக்கு மேல் இல்லை. விளையாடுவதற்குக் காசில்லையாயினும் அதனுள்ளே ஆயுதமும் அலங்காரமும் காசுக்கு விற்கப்படுகின்றன. தாயைக் கேளாமல் ஒரு சதமும் செலவிடலாகாது. சோதனைக்கு மூன்று மாதம் இருக்கையில் அதனை மூடிவைத்தல் வேண்டும். ஒன்பதாம் இரவின் கதையையும் ஒளியாது சொல்லியே இவற்றைக் கூறினோம். "சரி, மாமா" என்றான். முன்னரும் பன்முறை அவன் 'சரி' என்றதுண்டு. இம்முறை அது வேறு குரலாக எமக்குப் பட்டது. இக்கட்டுரை எழுதும் வரை சொல் தவறவில்லை என்று தங்கை கூறுகின்றாள்.

சென்ற திங்கட்கிழமை, கடைசி வாங்கிலுள்ள பையனொருவன் கரும்பலகையிற் கணக்கைத் தவறாகச் செய்து முடித்து, வழமையான ஏச்சுக்காகத் தலைகுனிந்து நின்றான். "தம்பி, எந்த வரியிலிருந்து உனக்கு விளங்கவில்லை?" என்று கேட்டோம். நெடுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "இரண்டாம் வரியிலிருந்து, ஐயா" என்றான். வகுப்பிற் பாதிப்பேர் தலையசைத்தனர். இரண்டாம் வரியிலிருந்து மறுபடியுந் தொடங்கினோம்.