வாய்ப்புண் இறைத்தண்டனையா?

ஆறாத வாய்ப்புண்ணைக் கண்டதும், "புறம் பேசியதற்கு அல்லாஹ் தந்த தண்டனை" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வோர் நம் மஹல்லாக்களில் உள்ளனர். நபி அய்யூப் (அலை) அவர்கள் எந்தப் பாவத்திற்காக நோயுற்றார்கள்? உமிழ்நீர் விழுங்கவே துடித்துக்கொண்டு, திசுப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு உங்கள் ஃபத்வா எதற்கு? மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஓதிப் பாருங்கள், தடையில்லை. ஸப்ரின் பெயரால் அவரை வீட்டில் முடக்காதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களே நபி (ஸல்) அவர்கள்தாம்! ரமளானில் நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யவும் அல்குர்ஆன் (2:185) அனுமதிக்கிறது. நலம் விசாரிக்கச் செல்வோர் உறைப்பும் புளிப்பும் இல்லாத ஆறிய கஞ்சியைக் கொண்டு செல்லுங்கள். முடிவு வாங்கும் நாளில் மருத்துவமனைக்குத் துணையாகவும் செல்லுங்கள்.