கிரீச்சா? கடகடவா? டொக்டொக்கா?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாமனார் ஆசையாக வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போது எங்கள் வீட்டுக்காரர் கையில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி நகர்ந்ததிலிருந்து கிரீச் கிரீச், கடகட என்று ஒரே சத்தம். கைக்குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது. கேட்டால், 'பழைய வண்டின்னா அப்படித்தான் அம்மிணி, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கோ' என்கிறார். என்ன செய்யட்டும்?"

முதல் காரியமாக அந்த ரேடியோவை அணைத்துவிடுங்கள், சகோதரி! மற்றவர்களும், "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பச்சைக் குழந்தை அழுதால் அது பசியா, வயிற்று வலியா, ஈரத்துணியா என்று சத்தத்தை வைத்தே சொல்கிற காது நம்முடையது. ஓட்டுகிறவருக்குக் கண் ரோட்டில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான் காது சும்மா இருக்கிறது.

இந்த ஹெரால்டு லேசுப்பட்ட வண்டி அல்ல. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி வெளியிட்டது. உருவம் கொடுத்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். இதன் அடிச்சட்டத்தையே கொஞ்சம் குட்டையாக்கி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, உங்கள் வீட்டு ஹெரால்டு ஒரு பந்தயக்காரத் தங்கைக்கு அக்கா! நம் நாட்டில் 1961-லிருந்து சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைத் தயாரித்தது. இன்று அந்தக் கம்பெனி கார் செய்வதில்லை. மிச்சமிருக்கிற வண்டிகள் எல்லாம் அரை நூற்றாண்டு கண்டவை.

சத்தத்துக்குக் காரணம் அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் உடம்பும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. ஹெரால்டில் அடியில் தனிச் சட்டம், அதன் மேல் உடம்பைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நடுவில் ரப்பர், மெத்தை போன்ற பட்டைகள். ஐம்பது வருஷத்து வெயிலில் ரப்பர் காய்ந்து, போல்ட் தளர்ந்தால் இரும்பும் இரும்பும் பேசத்தான் செய்யும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பழைய நோட்டை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். எந்தச் சத்தம்? எந்தப் பக்கம்? எப்போது? எதைச் செய்தால் நிற்கிறது? வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போதா, திருப்பும்போதா, பிரேக் போடும்போதா, வேகம் கூடும்போதா என்பதுதான் முக்கியம். வீட்டுக்காரர் மெதுவாக ஓட்டட்டும். நீங்கள் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டிலேயே தீர்கிறவை

1. முதலில் காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர், எப்போதோ வாங்கிய தேங்காய். டேஷ்போர்டு அறையில் சில்லறை, பூட்டு, தைல பாட்டில். எல்லாவற்றையும் வெளியே வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பல கடகடக்கள் அங்கேயே காணாமல் போய்விடும். திரும்ப வைக்கும்போது ஜாக்கியையும் ஸ்பானரையும் பழைய போர்வைத் துணியில் சுற்றிக் கட்டி வையுங்கள். ஸ்டெப்னியும் ஆடாமல் முடுக்கியிருக்க வேண்டும்.

2. ஹெரால்டின் பானெட், மட்கார்டோடு சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கிகள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அது உட்காருகிற ரப்பர்கள் தேய்ந்தாலும், கொக்கி தளர்ந்தாலும் மேட்டில் ஏறும்போதெல்லாம் தடதடவென்று அடிக்கும். ரப்பரை மாற்றி, கொக்கியை இறுக்கினால் போதும்.

3. கதவு. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் ரப்பர் சப்பிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் நன்றாக இருந்தும் கிரீச் என்றால், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரை லேசாகத் தடவுங்கள். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும், புழுதியும் ஒட்டும். கதவுக் கீலுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

4. டேஷ்போர்டு, கதவின் உள்பலகை. ஓடும்போது கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் கள்ளன் அங்கேதான். உரசுகிற இடத்தில் ரவிக்கை தைத்து மிஞ்சின வெல்வெட் துண்டையோ, ஃபெல்ட் துணியையோ ஒட்டலாம். திருகாணிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போடலாம்.

பட்டறைக்குப் போக வேண்டியவை

உடம்பைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளை முடுக்குவது, பின்பக்கம் குறுக்கே கிடக்கிற பட்டை ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்வது இரண்டும் மெக்கானிக் வேலை. வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் நீங்களும் தலையை விடாதீர்கள், அவரையும் விடச் சொல்லாதீர்கள்.

அலட்சியம் செய்யவே கூடாதவை

ரேடியோவை அணைக்கச் சொன்னது இவற்றுக்காகத்தான்.

ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரத்துப் பக்கம் முனகல் கேட்கிறதா, ஸ்டீரிங் வழக்கத்தைவிடக் கனக்கிறதா? ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் கீழே 'ட்ரன்னியன்' என்ற வெண்கலக் கட்டையில் நிற்கிறது. மரை போட்ட இரும்புத்தண்டு ஒன்று, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கட்டைக்குள் திரும்புகிறது. இதற்குப் போட வேண்டியது 90-ம் நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் தண்டு ஒருநாள் படக்கென்று ஒடிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே இது நடந்தால் என்னாவது? எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடிக்கிறதுதான் பட்டறைப் பையன்களின் வழக்கம். "தம்பி, இதுக்கு மட்டும் ஆயில் போடுங்க" என்று நின்று சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது போடட்டும்.

பிரேக் போடும்போது இரும்பு சுரண்டுகிற சத்தம் வந்தால் லைனிங் தேய்ந்து தீர்ந்திருக்கலாம். வேகத்தோடு கூடவே ஏறுகிற 'ஊம்ம்' சத்தம் சக்கர பேரிங்காக இருக்கலாம். மேட்டில் டொக் டொக் என்று அடித்தால் சக்கரத்தைத் தாங்குகிற புஷ்கள் போயிருக்கலாம். காட்டிச் சரிசெய்கிற வரையில் வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.

கடைசியாக, காலுக்கடியில் கடகட, கூடவே 'புஸ் புஸ்' என்றால் சைலன்சர் குழாயைச் சந்தேகப்படுங்கள். தொங்கவிடும் பிடி அறுந்தாலும் கடகடக்கும், குழாய் ஓட்டையானாலும் சத்தம் வரும். ஓட்டைதான் ஆபத்து. புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம் என்று வரும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைச் சீக்கிரம் தாக்கும். காரில் ஏறினால் குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சொக்கிப்போகிறது, உங்களுக்கும் தலை வலிக்கிறது என்றால், "பிரயாணக் களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிக் காற்றாட நில்லுங்கள். தெளியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். குழாயைச் சரிசெய்யாமல் அந்த வண்டியில் ஏற வேண்டாம்.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் நமக்கு ஒரு வசதி. மில்லும் மோட்டாரும் லேத் பட்டறையுமாக வளர்ந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பேரில் கார்ப் பந்தய மைதானமே இருக்கிறது. மெஷின் சத்தம் கேட்டே கோளாறு சொல்கிற கைகாரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் "ஏதோ சத்தம் வருதுங்க" என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் எதைத் தேடுவார்கள்? "இடது பக்கம், முன்னால, திருப்பும்போது மட்டும் வருதுங்க அண்ணா" என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது.

பொள்ளாச்சி சகோதரி, பவுடரும் வெல்வெட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ட்ரன்னியனையும் சைலன்சரையும் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு குழந்தையோடு தாராளமாக வால்பாறை போய் வாருங்கள். நோட்டில் என்னென்ன எழுதினீர்கள் என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.