வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

கொழும்பில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் வாழ்க்கையை வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தெரிகிறது. சிங்களத்தில் ஒரு பூசை, தமிழில் ஒரு பூசை, வசதியிருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று. அதன் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. மதியத்துக்குள் வளாகம் வெறிச்சோடிவிடும். பங்கின் பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது பங்கு மக்களிலேயே பலருக்குத் தெரியாது. செவ்வாயன்று நவநாள், இன்னொரு நாள் மாலையில் ஏதோ ஒரு வீட்டில் அயல் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் நாள், வின்சன்ட் டி போல் சபையின் கூட்டம், மரியாயின் சேனையின் கூட்டம் என்று ஆறு நாட்களும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருடைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த வாராந்த ஒழுங்கைப் பற்றி மாளிகாவத்தையை முன்னிறுத்திச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுக்கும் மனத்துக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. வெசாக் தன்சல், நோன்புக் கஞ்சி, கோவில் அன்னதானம், நத்தார் உணவுப் பொதி எல்லாமே அதற்குச் சாட்சி. ஆனால் பண்டிகை முடிந்த மறு வாரமும் அதே வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. அந்தப் பொறுப்பை நாம் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

வின்சன்ட் டி போல் சபையின் கூட்டம் ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தால் இந்த ஒழுங்கு புரியும். ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், துறைமுகத்தில் வேலை செய்பவர், கடைக் கணக்கர், தாய்மார் சிலர். செபம் சொல்லி, சென்ற வாரக் குறிப்பை வாசித்து, இருவர் இருவராகப் போய்ப் பார்த்த வீடுகளைப் பற்றி ஒவ்வொரு சோடியும் சொல்லும். இந்த வீட்டில் மருந்து முடிந்துவிட்டது, அந்த வீட்டுப் பிள்ளை ஒரு கிழமையாகப் பாடசாலை போகவில்லை, மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மாவுக்குப் படி இறங்க முடியவில்லை. கடைசியில் ஒரு துணிப்பை கைமாறி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. இரகசியக் காணிக்கை என்று அதற்குப் பெயர். கொடுப்பவரின் பெருமையும் கொடுக்க முடியாதவரின் கூச்சமும் அந்தப் பைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இந்தச் சபை 1833 ஏப்ரல் 23ஆம் திகதி பாரிஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர். அன்றுதான் அவருக்கு 20 வயது நிறைந்தது. முந்திய ஆண்டு அந்த நகரைக் கொள்ளைநோயான கொலரா உலுக்கியிருந்தது. ஏழைகளின் வீடு தேடிப் போவது எப்படி என்று அந்த மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையும் இதே வழியில் வந்ததுதான். அதன் உறுப்பினர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, இன்னொருவரோடு சேர்ந்து வீடுகளையோ மருத்துவமனையையோ சந்தித்து, அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருளுதவி செய்வது சேனையின் வேலையல்ல. போய்ப் பார்ப்பதுதான் வேலை. பொருள் கொடுக்க ஒரு சபை, ஆளைப் பார்க்க ஒரு சபை என்று வேலையைப் பிரித்துக்கொண்டதால் இரண்டும் நடக்கின்றன.

மாளிகாவத்தையில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கொழும்பு 10இன் இந்தப் பகுதியில் பள்ளிவாசல்களும் மையவாடியும் தொடர்மாடிக் குடியிருப்புகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சிங்களவரும் தமிழரும் மலாய்க்காரரும் அதே படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறார்கள். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள், பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் நிற்பவர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என்று அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரு நாள் வேலை இல்லையென்றால் மறு நாள் அடுப்பில் அது தெரியும்.

2020 மே 21ஆம் திகதி இந்த மாளிகாவத்தையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கொவிட் ஊரடங்கு நீண்டு கூலி வேலை முடங்கிப்போயிருந்த நேரம். ரமழான் முடியச் சில நாட்களே இருந்தன. தனிப்பட்ட ஒருவர் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கிறார் என்ற செய்தி பரவ, நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடினார்கள். அந்த நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுத்தவரின் எண்ணத்தில் நாம் குறை காணவில்லை. வந்தவர்கள்மீது பழி சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பெண்களின் வீடுகளுக்கு உதவி முன்கூட்டியே நடந்து போயிருக்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்த ஒரு பட்டியலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறும் நான்கு பேரும் இருந்திருந்தால் அந்த நெரிசலே உருவாகியிருக்காது. அந்த மூன்று உயிர்களுக்கும் இந்த நகரத்தின் ஒவ்வொரு சமய நிறுவனமும், ஒவ்வொரு நலன்புரிச் சங்கமும், நகர நிர்வாகமும் கடன்பட்டிருக்கின்றன.

பட்டியலில் விடுபட்டுப் போகிறவர்களைப் பற்றிய கவலை திருச்சபைக்குப் புதியதல்ல. எருசலேமின் முதல் கிறிஸ்தவ சமூகத்திலேயே, நாள்தோறும் உணவு பங்கிடும்போது கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அதைத் தீர்க்க ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். உபதேசங்களைக் கூட்டித் தீர்த்த பிரச்சினையல்ல அது. ஆட்களை நியமித்துத் தீர்த்தது. மொழியால் விடுபட்டுப் போவது இன்றைய கொழும்பிலும் நடக்கிறது. சிங்களத்தில் மட்டும் ஒட்டிய அறிவித்தலைத் தமிழ்த் தாய் வாசிக்க முடியாமல் நிற்கிறாள். தமிழில் மட்டும் சொன்ன செய்தி அடுத்த வீட்டுச் சிங்களப் பெரியவருக்குப் போய்ச் சேருவதில்லை. இரு மொழிகளிலும் பூசை நடக்கும் பங்கு, உதவியையும் இரு மொழிகளிலும் நடத்தப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் மற்ற நிறுவனங்களுக்கும் பயன்படும்.

சமயங்களுக்கிடையிலான உறவு இந்த நகரத்தில் எளிதாக வாய்த்ததல்ல. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா ஆலயத்தின் அருகே தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. 136 ஆண்டுகளின் பின், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, அதுவும் உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் பூசைக்கு வந்திருந்தவர்கள் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார்கள். அன்றைய தாக்குதல்களில் நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பேராயர் மல்கம் ரஞ்சித் பழிவாங்கலுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டார். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆலயம் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

கொச்சிக்கடையின் செவ்வாய்க்கிழமை இன்னும் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கிறது. 1231இல் பதுவையில் புனித அந்தோனியார் அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாயன்று என்பதால் அவருடைய நவநாள் அந்தக் கிழமையில் வருகிறது. சைவப் பெண்கள், பௌத்தர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் மெழுகுதிரியோடு அந்த வரிசையில் நிற்பதைக் கொழும்பார் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். கொவிட் காலத்தில் முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டபோது, 2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் பல சமயத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். ஒருவர் துயரத்தில் மற்றவர் நிற்பது இந்த நகரத்துக்குத் தெரியாத பாடமல்ல. துயரம் நடந்த பிறகு கூடுகிறோம். துயரம் வராமலிருக்க ஒவ்வொரு வாரமும் கூடுவதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

இப்போது அதற்கான தேவை முன்னரைவிட அதிகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பணவீக்கம் பின்னர் இறங்கியது. அரிசியின் விலையும் பருப்பின் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமையில் இருப்பதாக 2023ஆம் ஆண்டுக்கு உலக வங்கி மதிப்பிட்டது. சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023இல் அஸ்வெசும வந்தது. தகுதியிருந்தும் பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்ய ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பலருக்கு அந்தப் படிவம்தான் பெரிய மலை. ஒரு சமயச் சபையின் இளைஞர்கள் இரண்டு பேர் பேனாவோடு வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால், ஒரு மாத உணவுப் பொதியைவிட அது பெரிய உதவி. அரசு செய்ய வேண்டியதை ஆலயம் செய்து முடிக்க முடியாது, செய்யவும் கூடாது. மக்களுக்கு உரியதை அரசிடமிருந்து பெற்றுக்கொடுக்க ஆலயத்தால் முடியும்.

மாளிகாவத்தையிலேயே இன்னொரு தேவை கண்முன்னே நிற்கிறது. தேசிய சிறுநீரக மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நோயாளி வாரத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். வெளிமாவட்டங்களிலிருந்து வருபவர்களோடு துணைக்கு வரும் மனைவியோ மகனோ அந்த நேரம் முழுவதும் எங்கே உட்காருவது, எங்கே சாப்பிடுவது? நோய் வாரந்தோறும் திரும்பி வரும்போது உதவியும் வாரந்தோறும் திரும்பி வர வேண்டும். திங்கட்கிழமை பள்ளிவாசல், புதன்கிழமை பங்கு, வெள்ளிக்கிழமை விகாரை, சனிக்கிழமை கோவில் என்று ஒரு மதியச் சோற்றுப் பார்சலைப் பகிர்ந்துகொண்டால் எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சுமையாகாது.

இதற்குப் புதிய அமைப்பு ஒன்றும் வேண்டியதில்லை. பங்கில் அன்பியம் இருக்கிறது. எந்த வீட்டில் யார் படுக்கையில் என்று அது அறியும். பள்ளிவாசலுக்கு ஜமாஅத்தும் ஸகாத் குழுவும் உண்டு. விகாரைக்குத் தாயக சபை, கோவிலுக்குப் பரிபாலன சபை. அனேகமாக எல்லாத் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் மரண உதவிச் சங்கம் ஒன்று நடக்கிறது. மதம் பாராமல் கூடாரமும் கதிரையும் கொண்டுவந்து இறக்குவது அதுதான். இவை ஒவ்வொன்றுக்கும் தத்தம் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல்கள் ஒன்றையொன்று சந்திக்காததால் ஒரு வீட்டுக்கு மூன்று பொதி போகிறது, பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் போவதில்லை. மாதத்தில் ஒரு மாலை, கிராம உத்தியோகத்தரையும் அழைத்து, இந்தச் சபைகளின் ஆள் ஒருவர் வீதம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். வீடுகளின் விபரம் அந்த மேசையைத் தாண்டக் கூடாது. உதவி பெறுகிறவரைப் படம் பிடித்துப் போடும் வழக்கத்தையும் அங்கேயே கைவிட வேண்டும். தன் பசியை ஊருக்குக் காட்டித்தான் சோறு பெற வேண்டும் என்ற நிலைக்கு எந்தத் தாயையும் தள்ளக் கூடாது. மதம் மாற்றுவதற்கு உதவியைக் கருவியாக்குவதில்லை என்று எல்லாரும் வெளிப்படையாக உறுதி தரவும் வேண்டும். அந்தச் சந்தேகம் தீர்ந்தால்தான் கதவுகள் திறக்கும்.

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. சபைகளின் கூட்டங்களில் நரைத்த தலைகளே அதிகம் தெரிகின்றன. இளையவர்கள் நத்தாருக்குப் பொதி கட்ட வருகிறார்கள், மாசி மாதத்தில் வருவதில்லை. பங்குத்தந்தை ஒருவரால் எல்லாப் படிகளையும் ஏற முடியாது, அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கும் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கைக்கு எட்டாததல்ல.

வாசகர்களே, நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், இந்த வாரம் உங்கள் ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ விகாரையிலோ கோவிலிலோ வீடு சந்திக்கும் குழு எந்த நாளில் கூடுகிறது என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் பெயரைக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் மாடியிலுள்ள இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போங்கள்.