தொப்பூர் இறங்கினா ட்யூன் மாறும்!

சேலத்துல இருந்து நாமக்கல் வரைக்கும் பட்டறை பட்டறையா ஒரு ரவுண்டு வாங்க. எங்கேயாவது ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக், பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னா ஆச்சரியப்படாதீங்க பாஸ்! 2000-களின் ஆரம்பத்துல வந்த வண்டி. 1.5 லிட்டர், 106 குதிரை சக்தி. 2003-ல அடுத்த சிட்டி வந்தப்போ சக்தி 77-க்கு இறங்கிடுச்சு. பழசுக்கு இன்னும் மவுசு இருக்கறதுக்கு வேற காரணம் வேணுமா? நாலு கதவு இருந்தாலும் நம்ம ஊருக்கு அதான் ஸ்போர்ட்ஸ் கார்.

வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா... ஏர் ஃபில்டர், ஹெடர்ஸ், சைலன்ஸர்னு வரிசையா மாத்துவாங்க. இன்ஜினுக்குள்ளே போற காத்தோட கணக்கே மாறிடும். ஆனா, கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதுக்குள்ளே இருக்கறது ஒரு வாய்ப்பாடு அட்டை மாதிரி. குறுக்கே ஆர்.பி.எம்., நெடுக்கே இன்டேக் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல், எப்போ ஸ்பார்க்னு எழுதியிருக்கும். அந்த அட்டையை உங்க வண்டிக்குன்னே திருத்தி எழுதறதுதான் கஸ்டம் ட்யூன். பழைய வண்டிகள் பலதுல ஒரிஜினல் பெட்டியில நேரா கை வைக்கறது கஷ்டம். கூடவே ஒரு பிக்கிபேக் பெட்டி, இல்லேன்னா மொத்தமா புதுசா ஒரு ஸ்டாண்ட்அலோன்.

இதுக்காக பெங்களூரு போய், டைனோ மேல வண்டியை ஏத்தி, கிராஃப் பேப்பரோட ஜம்முனு திரும்புறாங்க. சிக்கலே அங்கேதான்! பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர். அங்கே காத்தழுத்தம் 91 கிலோபாஸ்கல்னா, இங்கே 98 பக்கம். டர்போ இல்லாத வண்டியில முழுசா மிதிச்சாலும், இன்டேக் அழுத்தம் வெளிக்காத்தைத் தாண்டாது. ஆக, அந்த டைனோவுல அட்டையோட மேல் வரிசைகளை யாரும் தொட்டுக்கூட பார்த்திருக்க மாட்டாங்க. தொப்பூர் கணவாய் இறங்கி, நம்ம 40 டிகிரி வெயில்ல மிதிச்சா, இன்ஜின் ஓடறது அதே வரிசையிலதான். தகர டப்பாவுல கடலையைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வந்தா அதுதான் நாக்கிங். தொடர்ந்து அப்படியே ஓட்டினா பிஸ்டன் காலி.

நாமக்கல்ல லாரி பட்டறை பக்கம் வளர்ந்தவங்க, 'டீசல் பம்ப்பைத் திருப்பினா புகை காட்டிக் கொடுத்துடுமே'ன்னு கேப்பாங்க. பெட்ரோல்ல கதை வேற. எரிபொருள் குறைஞ்சா புகையே வராது. சத்தமில்லாம சூடேறும். போதாக்குறைக்கு இப்போ பங்க்ல 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து. இந்தக் கலவைக்கு 13.5 கிலோ போதும். அதாவது, அதே காத்துக்கு அதிக பெட்ரோல் ஊத்தணும். மெதுவா போறப்போ ஆக்ஸிஜன் சென்சார் சரிக்கட்டிடும். முழு மிதியில பழைய கம்ப்யூட்டர் அதைக் கேக்காது.

அதனால ட்யூனர்கிட்ட கிராஃபை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. நீங்க நிரப்பற அதே பெட்ரோலை ஊத்தி, வைட்பேண்ட் சென்சார் மாட்டி, நம்ம சமவெளியில மதிய வெயில்ல லாக் எடுத்துத் திருத்தித் தருவீங்களான்னு கேளுங்க. அதுக்கு நாலுவழிச் சாலை இடமில்லை. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக் இருக்கு.

இன்னொண்ணு... ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. பெட்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க.